டிராவல் டிரெய்லருக்குக் கரண்ட்: முதலில் மீட்டர், அப்புறம் பிளக்

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடை விடுமுறைக்குக் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு டிரெய்லரோடு கிளம்பும் வாசகர்கள் அனுப்பியவற்றில், மின் இணைப்பு பற்றிய கேள்விகள் மட்டும் இந்த இதழில்.

முதல் முறையாக 30 ஆம்ப் டிரெய்லர் வாடகைக்கு எடுக்கிறோம். முகாமில் உள்ள மின்பெட்டியில் நேராகச் சொருகிவிடலாமா? ஊரிலிருந்து கொண்டுவந்த டெஸ்டர் இருக்கிறது, போதாதா?
– வாசகர், ஆஸ்டின்

போதாது. டெஸ்டரில் விளக்கு எரிந்தால் பேஸ் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். வந்திருப்பது 120 வோல்ட்டா 240-ஆ, நியூட்ரல் சரியா, எர்த் உண்டா என்று அது சொல்லாது. மூன்று பொருள் வாங்குங்கள்: கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்புத் தரமும் 600 வோல்ட்டும் அச்சிட்ட ஒரு மல்டிமீட்டர், மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர், அதைச் சொருக 30 ஆம்ப் துளையை 15 ஆம்ப் ஆக்கும் அடாப்டர்.

டிரெய்லரை நிறுத்தியதும், ஜாக் இறக்குவதற்கும் முன்னால் மின்பெட்டியைப் பாருங்கள். மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். உள்ளே குளவி கூடு கட்டியிருப்பது சகஜம். எல்லா பிரேக்கரையும் ஆஃப் செய்யுங்கள். சாக்கெட்டின் துளை ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, பிளக் லொடலொடவென்று ஆடினாலோ மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். வேறு இடம் கேளுங்கள். பிடி தளர்ந்த சாக்கெட்தான் ஏசி ஓடும்போது சூடேறி பிளக்கையும் சேர்த்துக் கருக்கும்.

பார்க்க நன்றாக இருந்தால் மீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுதிசை மின்சாரம், V~ குறி) வையுங்கள். சிவப்பு ஒயர் 'ஆம்ப்' துளையில் இல்லை என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். அதில் இருந்தபடி சாக்கெட்டைத் தொட்டால் மீட்டர் வழியே ஷார்ட் ஆகி, முகத்துக்கு நேரே வெடிக்கும். விரல்கள் முனையின் தடுப்புக்குப் பின்னால் இருக்கட்டும். பிரேக்கரை ஆன் செய்து மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 வோல்ட் வர வேண்டும். 114 முதல் 126 வரை நல்லது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே எண். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 0 முதல் 2 வோல்ட்.

30 ஆம்ப் துளையில் 240 காட்டினால் அப்படியே விட்டுவிட்டு நகருங்கள். துணி உலர்த்தும் மெஷினுக்கான இணைப்பு என்று நினைத்து இரண்டு பேஸையும் கொடுத்துவிடுவது எலக்ட்ரீஷியன்கள் செய்யும் தவறு. வீட்டு வாசலில் புதிதாகப் போட்ட டிரெய்லர் சாக்கெட்டுகளில்தான் அதிகம். சொருகிய கணத்தில் கன்வெர்ட்டர் (120-ஐ 12 வோல்ட்டாக்கும் கருவி), மைக்ரோவேவ், டிவி எல்லாம் போய்விடும். மூன்று விளக்கு டெஸ்டரை மீட்டருக்குப் பிறகுதான் சொருக வேண்டும் என்பதும் இதனால்தான்: அதுவும் 120-க்குச் செய்த பொருள். பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

அளவு சரி என்றால் பிரேக்கரை மறுபடி ஆஃப் செய்து, பிளக்கை முழுக்க அழுத்திச் சொருகி, பிறகு ஆன் செய்யுங்கள். உள்ளே போய் ஏசியைப் போட்டுவிட்டு வோல்ட்டை இன்னொரு தடவை பாருங்கள். சுமை இல்லாதபோது 120 காட்டும் சாக்கெட், ஏசி கிளம்பியதும் 100-க்கு விழலாம். எங்கோ ஒரு இணைப்பு தளர்வு, அல்லது முகாம் பார்க் முழுக்க எல்லார் ஏசியும் ஓடும் மாலை நேரம். 104-க்குக் கீழே போனால் ஏசியை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுத்துச் சூடாகிக் காலியாகும். கிளம்பும் நாளில் உள்ளே எல்லாம் ஆஃப், பிரேக்கர் ஆஃப், அதன் பிறகே பிளக்.

மழை விட்ட பிறகு வெறுங்காலோடு புல்லில் நின்று டிரெய்லர் கதவைத் தொட்டால் சுர்ரென்கிறது. லேசாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டுமா?
– வாசகி, டொரொண்டோ

பயப்பட வேண்டும். இந்த வரியைப் படித்ததும் மின்பெட்டி பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள், டிரெய்லரைத் தொடாமல். டிரெய்லரின் உலோக உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கிறது. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, சுற்றியுள்ள எல்லாமே ஒரே அழுத்தத்தில் இருப்பதால். ஒரு கால் ஈர மண்ணிலும் ஒரு கை கதவுப் பிடியிலுமாக நிற்பவர்தான் மாட்டுகிறார். இன்று சுர்ரென்றது, நாளை கசிவு கொஞ்சம் கூடினால் ஆளை விடாது.

பெரும்பாலும் இதற்கு இரண்டு கோளாறு ஒன்றுசேர வேண்டும். ஒன்று, ஏதோ ஒரு கருவியில் கசிவு: தண்ணீர் இல்லாமல் போட்டுக் கருகிய ஹீட்டர் எலிமென்ட், ஈரம் புகுந்த பிளக். இரண்டாவது, எர்த் அறுந்திருப்பது: பிளக்கின் உருண்டைப் பின் முறிந்திருக்கலாம், மின்பெட்டியில் எர்த் கம்பி கழன்றிருக்கலாம். எர்த் சரியாக இருந்தால் கசிவு அந்த வழியே போய்விடும். பெரிய கசிவானால் பிரேக்கர் விழுந்துவிடும்.

ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து டிரெய்லரோடு கட்டினால் சரியாகும் என்று பக்கத்து இடத்துக்காரர் சொல்லுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்ணின் தடை 100 ஓம் என்றால் 120 வோல்ட்டுக்கு 1.2 ஆம்ப்தான் ஓடும். 30 ஆம்ப் பிரேக்கர் அதற்கு அசையவே அசையாது, டிரெய்லர் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். டிரெய்லரைத் தாங்கும் இரும்பு ஜாக்கும் எர்த் ஆகாது.

தொடாமலே கண்டுபிடிக்கும் பேனா வடிவ டெஸ்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக் சொருகி ஆன் செய்ததும், காலில் செருப்போடு, அதைக் கதவுப் பிடி, படி, ஹிட்ச் (வண்டியோடு மாட்டும் கொக்கி) பக்கம் கொண்டுபோங்கள். கீச்சிட்டால் உடனே ஆஃப். மூன்று விளக்கு டெஸ்டர் பச்சை காட்டினாலும் இதைத் தவறாமல் செய்யுங்கள். பழைய இணைப்புகளில் எர்த்தையும் நியூட்ரலையும் ஒன்றாகக் கட்டி, அதைப் பேஸோடு மாற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்தத் தவறு மூன்று விளக்கில் தெரியாது, பேனாவில் தெரியும்.

50 ஆம்ப் டிரெய்லர். மீட்டரில் எதை எதோடு அளப்பது?
– வாசகர், அட்லாண்டா

இரண்டு பக்கமும் உள்ள தட்டைத் துளைகள் இரண்டும் பேஸ். உருண்டைத் துளை எர்த், அதற்கு எதிரே நியூட்ரல். ஒவ்வொரு பேஸும் நியூட்ரலோடு 120, இரண்டு பேஸுக்கும் நடுவே 240. சில பார்க்குகளில் 208 வரும், கவலை வேண்டாம். ஆனால் இரண்டு பேஸுக்கும் நடுவே 0 வந்தால் ஒரே பேஸை இரண்டு துளைக்கும் கொடுத்திருக்கிறார்கள். நியூட்ரல் கம்பியில் இரண்டின் சுமையும் கூடி அது வேகும்.

50 ஆம்பில் ஆபத்து நியூட்ரல் அறுவதுதான். ஒரு பக்கம் 180, மறுபக்கம் 60 என்று வோல்ட் ஊசலாடும். சில விளக்குகள் பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால் ஓடிப்போய் பிரேக்கரை இறக்குங்கள்.

30 ஆம்ப் பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. பிரேக்கர் கெட்டுவிட்டதா?
– வாசகி, சான் ஹோசே

பெரும்பாலும் இல்லை. 30 ஆம்ப் என்பது 3,600 வாட். நீடித்து ஓட 24 ஆம்ப்தான் கணக்கு. ஏசிக்கு ஏறக்குறைய 13, ஹீட்டர் எலிமென்ட்டுக்கு 12, மைக்ரோவேவுக்கு 12. கூட்டிப் பாருங்கள். இண்டக்ஷன் அடுப்பு 1,800 வாட் என்றால் அது ஒன்றே 15 ஆம்ப். வெந்நீரைக் கேஸுக்கு மாற்றிவிட்டு, இட்லிப் பானையைக் கேஸ் அடுப்பில் வையுங்கள். ஊர் மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது, அதை இங்கே சொருகிப் பயனில்லை.

வீட்டு கராஜில் சொருகினால், கசிவு கண்டால் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ சாக்கெட் உடனே விழுகிறது. டிரெய்லரின் எல்லா பிரேக்கரையும் ஆஃப் செய்தும் அதே கதை.
– வாசகர், நியூ ஜெர்சி

பிரேக்கர் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. டிரெய்லரின் பேனலில் இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்து பழகியவர் சேர்த்துக் கட்டியிருக்கலாம். அங்கே சரியாக இருந்தால் ஹீட்டர் எலிமென்ட்டைக் கழற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். சுமார் 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே விழும் சாக்கெட் அது. அதைத் தவிர்த்துச் சாதா சாக்கெட்டுக்கு மாறாதீர்கள். மெல்லிய 16 கேஜ் நீட்டிப்பு ஒயரும் வேண்டாம், தடித்த 12 கேஜ் எடுங்கள், ஏசி போடக்கூடாது.

சர்ஜ் புரொடெக்டர் போதுமா, வோல்ட்டைக் கண்காணிக்கும், விலை கூடிய ஈஎம்எஸ் கருவி வாங்க வேண்டுமா? ஜெனரேட்டரில் ஈஎம்எஸ் கரண்ட் விடவில்லை என்கிறார் நண்பர்.
– வாசகர், டென்வர்

ஈஎம்எஸ் வாங்குங்கள். வெறும் சர்ஜ் புரொடெக்டர் கணநேர மின்னெழுச்சியை மட்டும் வாங்கிக்கொள்ளும். வோல்ட் 104-க்குக் கீழே இறங்கினாலும் 132-க்கு மேலே ஏறினாலும், எர்த் இல்லாவிட்டாலும் ஈஎம்எஸ் தானே துண்டிக்கும்.

சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது. அதனால் எர்த் இல்லை என்று ஈஎம்எஸ் மறுக்கிறது. இரண்டையும் உள்ளே இணைத்த ஒரு பிளக் கடையில் கிடைக்கும். ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் அதைச் சொருகினால் கரண்ட் வரும். அந்தப் பிளக்குக்குச் சிவப்பு டேப் சுற்றி ஜெனரேட்டரோடே கட்டி வையுங்கள். முகாம் மின்பெட்டியில் யாராவது சொருகினால் நியூட்ரல் மின்சாரம் எர்த் கம்பியிலும் ஓட ஆரம்பிக்கும்.