யூனிட் குறைந்தும் பில் ஏன் ஏறியது?

சூரிய மின்சாரம் மலிவு என்கிறார்கள், நானும் யூனிட்டைக் குறைத்துவிட்டேன், அப்புறம் ஏன் பில் ஏறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்து, முதலில் நிலைக்கட்டணத்தைப் பாருங்கள். கம்பி, டிரான்ஸ்பார்மர் செலவை அதில் ஏற்றியிருந்தால், விளக்கை எத்தனை முறை அணைத்தாலும் அது குறையாது.

அடுத்து யூனிட் விலை. பல நாடுகளின் மொத்த விற்பனைச் சந்தையில், அந்த நேரத் தேவைக்குக் கடைசியாக ஓட்டப்படும், அதாவது அதிக விலை கேட்கும் நிலையத்தின் விலைதான் எல்லா நிலையங்களுக்கும். வெயில் இறங்கியதும் எரிவாயு நிலையம் ஓடினால், விலை அதனுடையது. 2022இல் எரிவாயு எகிறியபோது, ஐரோப்பியச் சந்தையில் காற்றாலை மின்சாரமும் அந்த விலைக்கே போனது. எனக்கு இது இன்னும் உறுத்தும் விஷயம்.

மானியச் செலவு யார் தலையில் என்பதும் முக்கியம். ஜெர்மனி, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான ஆதரவை நேராக பில்லிலேயே வசூலித்தது. 2021இல் யூனிட்டுக்கு 6.5 யூரோ சென்ட். மின்சாரத்தை விழுங்கும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை கொடுத்ததால் வீடுகள் கூடுதலாகச் சுமந்தன. 2022 ஜூலையில் அந்த வசூலை எடுத்துவிட்டு அரசு நிதிக்கு மாற்றினார்கள். செலவு ஒன்றும் மாயமாகவில்லை, இடம்தான் மாறியது.

சரி, உங்கள் பில்லில் எந்தக் கட்டணம் ஏறியிருக்கிறது? இணைப்பு எண்ணை மறைத்துவிட்டு இரண்டு பில்களையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம். நேரத்துக்கேற்ற கட்டணம் என்றால் சலவை இயந்திரத்தை மாலையில் போடாதீர்கள்.