ஐசிடி-10 போல தேதி தள்ளிக்கொண்டே போகும் மாற்றத்தில் மருத்துவமனை ஊழியர்கள் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

டாக்டர் எழுதும் நோயைக் காப்பீட்டு நிறுவனத்துக்கான குறியீடாக மாற்றுவதுதான் மருத்துவக் கோடிங். ஐசிடி என்பது அந்த நோய்க் குறியீடுகளின் பட்டியல்; 9, 10 என்பவை அதன் பதிப்புகள். அமெரிக்காவில் ஐசிடி-9இலிருந்து ஐசிடி-10க்கு மாற முதலில் வைத்த கெடு 2013 அக்டோபர் 1. அது 2014க்குப் போனது; கெடுவுக்கு ஆறு மாதமே இருந்தபோது மறுபடி தள்ளி, 2015 அக்டோபர் 1 அன்றுதான் அமலானது.

ஊழியர்கள் சலித்துக்கொள்வதைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். படித்ததைப் பயன்படுத்த இடமில்லை, அவ்வளவுதான். லைசென்ஸ் வாங்கிவிட்டு ஒரு வருஷம் ஸ்டியரிங்கே தொடாதவர் நிலைமை.

அதனால் வகுப்பைத் திரும்ப நடத்துவதைவிட இரட்டைக் கோடிங் மேல். வாரம் பத்து நிஜக் கேஸ் ஷீட்டுகளை எடுத்து பழைய, புதிய இரண்டு பதிப்பிலும் குறியீடு போடச் சொல்லுங்கள். மணிக்கட்டருகே எலும்பு முறிவு என்றால் ஐசிடி-10 எந்தக் கை, தோல் கிழிந்ததா, சிகிச்சை எந்தக் கட்டத்தில் என்றெல்லாம் கேட்கும். வலது கை, மூடிய முறிவு, முதற்கட்ட சிகிச்சை: எஸ்52.501ஏ. ஷீட்டில் ‘வலது’ இல்லையென்றால் கோடர் அங்கேயே நிற்பார். அப்படி விடுபட்டவற்றை மாதாமாதம் அந்தந்த டாக்டருக்கே அனுப்புங்கள். கெடு எப்போது வந்தாலும் இந்த வேலை வீணாகாது.

‘கடைசி மூன்று மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். கோடர்களுக்கு அது போதலாம், டாக்டர்கள் எழுதும் பழக்கம் அதற்குள் மாறாது.