ஞாயித்துக்கிழமைய விடுங்க, சாயங்காலம் ஏழு மணிய பாருங்க

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயசு, அம்பத்தூர்ல இருக்கோம். பையனுக்கு நாலு வயசு, எல்கேஜி போறான், பொண்ணுக்கு ஒன்றரை. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், வீட்டுக்காரர் ஒரகடம் பக்கம் கம்பெனில, அவர் வீடு வர ஒன்பதரை ஆயிடும். பகல்ல பிள்ளைங்கள அத்தைதான் பாத்துக்கறாங்க. காலைல ஆறரைக்கு அவன எழுப்புறதுல ஆரம்பிச்சு ராத்திரி பத்தரைக்கு தூங்க வைக்கிற வரைக்கும் கத்திக்கிட்டேதான் இருக்கேன். போன் காட்டாம ஒரு வாய் சோறு இறங்காது. மத்தவங்க ஸ்டேட்டஸ்ல பிள்ளைங்களோட சிரிச்சிட்டு இருக்கறத பாத்தா எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு இருக்கு. போன ஞாயித்துக்கிழமை மாலுக்கு போய் ரெண்டாயிரம் ரூபா செலவு பண்ணிட்டு ஆளுக்கொரு பக்கம் மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு திரும்பி வந்தோம். பிள்ளைங்க மேல உயிரையே வச்சிருக்கேன், ஆனா சந்தோஷமா இல்ல. நான் நல்ல அம்மா இல்லையா? (பெயர் வேண்டாம்)

பதில்: நல்ல அம்மாதான்மா. அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல, அதனால அந்த கேள்விய இத்தோட விட்டுட்டு அதுக்கு முன்னாடி நீங்க எழுதின ஒரு கணக்குக்கு வரேன். ராத்திரி பத்தரைக்கு தூங்குறான், காலைல ஆறரைக்கு எழுப்புறீங்க. எட்டு மணி நேரம். மூணு நாலு வயசு பிள்ளைக்கு பகல் தூக்கத்தையும் சேர்த்து 10ல இருந்து 13 மணி நேரம் தூக்கம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல இருக்கு. பகல்ல அத்தைகிட்ட ஒரு மணி நேரம் தூங்குறான்னே வச்சுக்குவோம், அப்பவும் ஒன்பதுதான் ஆகுது. காலைல அவன் சாக்ஸ் போட மாட்டேன்னு உருண்டு அழறானே, இட்லிய துப்புறானே, அதுல பாதிக்கு மேல தூக்கம் பத்தாத அழுகை, நீங்க அத அடம்னு நினைச்சு கத்துறீங்க, அவனுக்கோ தனக்கு தூக்கம் பத்தலன்னு சொல்ல தெரியாது. நீங்களும் அவங்க தூங்கினதுக்கு அப்புறம் பாத்திரம், மறுநாளைக்கு காய் நறுக்குறதுன்னு பன்னெண்டு வரைக்கும் முழிச்சிருப்பீங்க, கேக்காமலே தெரியும். தூங்காத ரெண்டு பேர ஒரே வீட்ல விட்டுட்டு சந்தோஷத்த எங்க போய் தேடுறது?

பத்தரை ஏன் ஆகுதுன்னும் புரியுது, அப்பா வரட்டும்னு பிள்ளைங்க முழிச்சிருக்கும், அவருக்கும் அந்த ஒரு மணி நேரந்தான் பிள்ளைங்க முகத்த பாக்க. பாவம் அவரும். ஆனா அந்த நேரத்துல அவர் களைச்சு வந்திருப்பார், பிள்ளைங்க தூக்கக் கலக்கத்துல சிணுங்கும், யாருக்கும் அது இனிக்கிற நேரமா இருக்காது. அத காலைக்கு மாத்துங்க. பிள்ளைங்க ஒன்பது மணிக்கு தூங்கட்டும், காலைல எழுப்புறது, பல்லு தேய்ச்சு குளிப்பாட்டுறது, யூனிபார்ம் மாட்டுறது எல்லாம் அப்பா வேலை. அவர் எத்தனை மணிக்கு கிளம்புறார்னு நீங்க எழுதல, ஏழே காலுக்கே பஸ் வந்துடும்னாலும் ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும் அவர் கையில இருக்கு. அரை மணி நேரம் அப்பாவும் பிள்ளைங்களும் பாத்ரூம்ல தண்ணி அடிச்சு கூத்தடிக்கட்டும், நீங்க அந்த பக்கமே போகாதீங்க, சோப்பு சரியா போட்டாரான்னும் எட்டிப் பாக்காதீங்க. உதவி பண்றேன்னு அவர் சொன்னா அந்த வார்த்தைய ஏத்துக்காதீங்க, அவர் பிள்ளைங்கள அவர் குளிப்பாட்டுறார், அவ்வளவுதான்.

இன்னொன்னு, இத யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. ரத்தத்த டெஸ்ட் பண்ணுங்க. சின்னவ பிறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, கர்ப்பத்துல குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய அதுக்கப்புறம் தொட்டிருக்க மாட்டீங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. படி ஏறினா மூச்சு வாங்குறது, எதுக்கெடுத்தாலும் எரிச்சல், சாயங்காலமானா உடம்பு கெஞ்சுறது, இதெல்லாம் நம்ம குணம்னு நினைச்சு நம்மள நாமே திட்டிக்கறோம், பல சமயம் அது ஹீமோகுளோபின் குறைவு. தைராய்டும் சேர்த்து பாத்துடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் இலவசமாவே பாப்பாங்க.

அடுத்து அந்த மால். ரெண்டாயிரம் ரூபா செலவு பண்ணிட்டோமே, எல்லாரும் சந்தோஷமா இருந்தே ஆகணுமேன்னு ஒரு கட்டாயம் உங்களுக்குள்ள ஓடியிருக்கும், பிள்ளைங்களுக்கு அந்த கட்டாயம் கிடையாது, அதுங்களுக்கு சத்தம், வெளிச்சம், கூட்டம், மதியத் தூக்கம் வேற போச்சு, அழாம என்ன பண்ணும். வீட்டுக்கு வந்து பையன் எத பத்தி பேசினான்னு யோசிச்சு பாருங்க. எஸ்கலேட்டர பத்தி பேசியிருப்பான், இல்ல வழியில தண்ணி லாரிலருந்து தண்ணி ஒழுகினத பத்தி பேசியிருப்பான். நாலு வயசுக்கு அதான் திருவிழா. வாரத்துக்கு ஒரு நாள் சந்தோஷத்த காசு குடுத்து ஏற்பாடு பண்ணி மத்த ஆறு நாளும் பல்ல கடிச்சுக்கிட்டு ஓட்டுறது உங்களுக்கும் ஆகாது பிள்ளைங்களுக்கும் ஆகாதும்மா. தினம் செய்யற வேலைல ஒண்ண மட்டும் எடுத்து, அத அவசரமே இல்லாம, பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு செய்யுங்க. ஒண்ணே ஒண்ணு போதும், மத்ததெல்லாம் எப்பவும் போல ஓடட்டும்.

என்ன கேட்டா கீரை ஆயறத சொல்வேன். சாயங்காலம் ஏழு மணி, டிவி வேண்டாம், போன் வேற ரூம்ல சார்ஜ்ல கிடக்கட்டும், ஹால்ல பேப்பர விரிச்சு ஒரு கட்டு முருங்கைக்கீரைய போட்டு ரெண்டு பேரையும் உக்கார வைங்க. பையன் முதல்ல ஈர்க்கோட பிச்சு போடுவான், விடுங்க. நுனிய ஒரு கையில பிடிச்சு இன்னொரு கை விரல் ரெண்டால மேலருந்து கீழ ஒரு இழு இழுத்தா இலையெல்லாம் ஒண்ணா உதிரும்ல, அத ஒரு தடவ மெதுவா காட்டுங்க, அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவன் உங்கள தொடவே விடமாட்டான். சின்னவளுக்கு ஒரு கிண்ணமும் கரண்டியும் போதும், காம்ப மட்டும் வாயில போடாம பாத்துக்குங்க. பழுத்த இலைய அவன் எடுத்து இது ஏம்மா மஞ்சளா இருக்குன்னு கேப்பான், அதுக்கு வயசாயிடுச்சுடான்னு சொல்வீங்க, பாட்டி மாதிரியான்னு கேப்பான், உள்ள இருந்து அத்தை என்னடா என்னைய சொல்றன்னு குரல் குடுப்பாங்க. பத்து நிமிஷத்துல ஆயற கீரைய முக்கா மணி நேரம் ஆய்வீங்க, பரவாயில்ல, அன்னிக்கு குழம்பு கொஞ்சம் லேட்டாகட்டும். தான் ஆஞ்ச கீரைன்னா போன் இல்லாமலே ரெண்டு வாய் கூட தின்னுவான், நிறைய வீட்ல பாத்திருக்கேன்.

போன ஒரேயடியா நிறுத்த சொல்லல, உங்களால முடியாது, முடியலன்னு இன்னொரு குற்ற உணர்ச்சி சேரும். அதே 2019 வழிகாட்டுதல்ல ரெண்டுலருந்து நாலு வயசு பிள்ளைங்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுக்கும் குறைவா இருந்தா நல்லது, ஒரு வயசு பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்னுதான் இருக்கு. ராத்திரி சாப்பாட்ட மட்டும் முதல்ல மாத்துங்க. சின்னவளுக்கு உள்ளங்கையில பருப்பு கடைஞ்சு, அப்பாக்கு, பாட்டிக்குன்னு ஒவ்வொரு விரலா மடக்கி, அப்புறம் நண்டு ஊருது நரி ஊருதுன்னு கை மேல விரல ஊர விடுவோம்ல, அத சாப்பாட்டுக்கு நடுவுல பண்ணுங்க. முழங்கை கிட்டயே ஒரு நொடி நிறுத்திப் பாருங்க, அக்குளுக்கு இன்னும் போகவே இல்ல, அதுக்குள்ள தோள குறுக்கிக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சிடுவா. அடுத்து என்ன வரும்னு அவளுக்கு தெரியும், அந்த தெரியறதுலதான் அவ்வளவு குஷி, அதனாலதான் அம்பது தடவ திரும்ப திரும்ப கேக்கும் பிள்ளைங்க.

கத்திட்டேன் கத்திட்டேன்னு மனசு உறுத்துதுன்னா இத கேளுங்க. எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், அம்மாவும் கைக்குழந்தையும் முகம் பாத்து விளையாடறத வீடியோ எடுத்து துண்டு துண்டா பாத்து ஆராய்ச்சி பண்ணவர். நல்லா ஒட்டுதலா இருக்கற அம்மாவும் பிள்ளையும் கூட ஏறக்குறைய 30 சதவீத நேரந்தான் ஒருத்தருக்கொருத்தர் இசைவா இருக்காங்கன்னு கண்டார். மீதி நேரமெல்லாம் விலகறதும் திரும்ப வந்து சேர்றதும்தான், அந்த திரும்ப வர்றதுதான் பிள்ளைக்கு தெம்பு குடுக்குதுன்னு சொன்னார். அதனால காலைல கத்தினா சாயங்காலம் மடியில போட்டுக்கிட்டு அம்மா காலைல சத்தம் போட்டுட்டேன்டா, உனக்கு பயமா இருந்துச்சான்னு கேளுங்க. பொம்மை வாங்கி குடுத்து சரிக்கட்ட வேண்டாம்.

நாங்கல்லாம் நாலு பெத்து வளக்கலையான்னு அத்தை சொன்னா மனசுல வச்சுக்காதீங்க. அவங்க வளத்தப்போ நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டக்கான்னு எத்தனை கை இருந்துச்சு, இன்னிக்கு நீங்களும் அவங்களும் மட்டும்தான் அந்த வேலைய சுமக்கறீங்க. ஒன்றரை வயச நாள் பூரா தூக்கி வச்சிருக்கற அவங்களுக்கும் இடுப்பு வலிக்கும், ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் அவங்கள கோயிலுக்கோ தங்கச்சி வீட்டுக்கோ அனுப்பி வைங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து எதுலயுமே மனசு ஒட்டல, பிள்ளைங்க தூங்கினாலும் உங்களுக்கு தூக்கம் வரல, காரணமில்லாம அழுகை வருது, நாம இல்லாமலே போயிட்டா தேவலன்னு தோணுதுன்னா, கீரையும் விளையாட்டும் அதுக்கு மருந்து கிடையாது, டாக்டர பாக்கணும். 14416னு டெலி மானஸ்ங்கற மனநல உதவி நம்பர் இருக்கு, மத்திய அரசோடது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. வீட்டுக்காரர்கிட்டயும் அன்னிக்கே சொல்லிடுங்க, மறைக்காதீங்க.

இந்த பக்கத்த அவருக்கும் படிக்க குடுங்கம்மா, முக்கியமா காலைல குளிப்பாட்டுற பாரா. டெஸ்ட் எடுத்ததும் ஹீமோகுளோபின் எவ்வளவு வந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, பன்னெண்டுக்கு கீழ இருந்தா டாக்டர் குடுக்கற இரும்புச்சத்து மாத்திரைய அவர் சொல்ற வரைக்கும் நடுவுல நிறுத்தாதீங்க, மாத்திரை சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ காபி வேண்டாம்.