குத்துவதா, வெட்டுவதா, தோண்டுவதா?

கேள்வி: ஜெர்மன் பண்ணை ஒன்றின் வேலை அறிவிப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். 'ஷ்பார்கல் ஷ்டெஹன்' என்று வருகிறது. ஷ்பார்கல் என்றால் அஸ்பாரகஸ் என்ற குருத்துக் காய்கறி, சரி. ஷ்டெஹனுக்கு அகராதியில் முதலில் ஸ்டிங், ப்ரிக், ஸ்டாப் (stab, கத்தியால் குத்துவது). தள்ளிப் போனால் கட், டிக், ஹார்வெஸ்ட். எதைப் போடுவது?

பதில்: 'ஹார்வெஸ்ட்' போடுங்கள். 'கட்' என்றாலும் தப்பில்லை, ஆங்கிலத்திலும் அஸ்பாரகஸ் 'கட்டிங்' என்ற பேச்சு உண்டு. 'ஸ்டாப்' மட்டும் வேண்டாம், கொலைக்கேஸ் ஆகிவிடும்.

ஏன் இந்தக் குழப்பம் என்றால், அந்த வேலையே அப்படி. ஜெர்மனியில் பெரிதும் விரும்பப்படுவது வெள்ளை அஸ்பாரகஸ். வெயில் பட்டால் நிறம் மாறிவிடும் என்பதால் மண்ணை மேடாக அணைத்து அதற்குள்ளேயே வளர்க்கிறார்கள். மேட்டின் உச்சியில் மண் லேசாக வெடித்திருந்தால் குருத்து தயார். இரண்டு விரலால் மண்ணை விலக்கி, குருத்தை ஒட்டியபடி நீளக் கத்தியை இறக்கி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரே குத்தில் அறுத்து எடுக்கிறார்கள். அப்புறம் குழியை மூடி, கரண்டியால் மேட்டை நீவிவிட வேண்டும். கொஞ்சம் தோண்டல், ஒரு குத்து, ஓர் அறுப்பு. ஜெர்மன்காரர் கூர்முனை உள்ளே இறங்குவதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். ஆங்கிலக்காரருக்குக் கையில் என்ன வந்தது என்பதுதான் கணக்கு.

ஆகவே வினைச்சொல்லை விட்டுவிட்டு, அது எதன்மேல் பாய்கிறது என்று பாருங்கள். 'டோர்ஃப் ஷ்டெஹன்' என்பது எரிப்பதற்காகச் சதுப்பு நிலத்து மண்ணை மண்வெட்டியால் செங்கல் செங்கலாக எடுப்பது: 'கட் பீட்'. அயர்லாந்துக்காரர் படிப்பதாக இருந்தால் 'கட் டர்ஃப்'. ஆஸ்திரியாவில் தோட்டத்தை 'உம்ஷ்டெஹன்' செய்தால் 'டிக் ஓவர்'. 'அவுஸ்ஷ்டெஹன்' கொஞ்சம் வில்லங்கம்: களையை என்றால் 'டிக் அவுட்', பிஸ்கட் மாவை என்றால் 'கட் அவுட்', போட்டியாளரை என்றால் முந்திவிட்டார் என்று பொருள்.

நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிணறு வெட்டுகிறோம், கரும்பு வெட்டுகிறோம், முடியும் வெட்டிக்கொள்கிறோம். கிணற்றுக்கு 'கட்' என்று யாராவது ஆங்கிலத்தில் எழுதுவோமா?

இன்னொன்று, இந்த வினை உருமாறும். 'ஷ்டிஹ்ட்', 'ஷ்டாக்', 'கெஷ்டொக்கன்' என்று கண்ணில் பட்டால் ஷ்டெஹனின் கீழேயே தேடுங்கள்.

உங்கள் அறிவிப்பில் 'ஷ்பார்கல்ஷ்டெஹர்' என்ற சொல்லும் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அறுப்பவருக்கும் அதே பெயர், அறுக்கும் கத்திக்கும் அதே பெயர். 'தேவை' என்று இருந்தால் ஆள். 'பண்ணையே தரும்' என்று இருந்தால் கத்தி.