ஒன்றியப் பள்ளிக்குப் புதுக் கட்டடம்: கேள்வி பதில்

ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செட்டிநாட்டுப் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் கட்டட வேலையைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

கல்லல் பக்கம், ஒரு தாய்: இரண்டு வகுப்பறை ஒழுகுகிறது ஐயா. யாரிடம் மனு கொடுக்க?

மனுவுக்கு முன்னால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. தீர்மான நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒன்று, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒன்று போகட்டும். கட்டடம் ஒன்றியத்தின் சொத்து என்பதால் இரண்டாமவரை விட்டுவிடக் கூடாது.

அப்புறம், தலைமையாசிரியர் வருடா வருடம் நிரப்பும் யுடைஸ் (பள்ளிகளின் நிலையைத் திரட்டும் அரசுப் பதிவு) விவரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒழுகும் அறை அதில் 'நல்ல நிலை' என்று ஏறியிருந்தால், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பள்ளிகளுக்குப் பணம் தரும் சமக்ர சிக்ஷாவின் ஆண்டுத் திட்டம் போடுகிறவர்கள் கண்ணுக்கு உங்கள் பள்ளி படாது.

தேவகோட்டை: பணம் எந்தக் கணக்கில் வரும்?

ஒரே கணக்கில் வராது. 2018 முதல் சமக்ர சிக்ஷா இருக்கிறது; மத்திய அரசு 60, மாநிலம் 40. மாநில அரசு 2022இல் தொடங்கிய பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டமும் குழந்தை நேயப் பள்ளி உட்கட்டமைப்புத் திட்டமும் உண்டு. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி, ஆண்டுக்கு 3 கோடி, அவர் பரிந்துரைத்தால் கிடைக்கும். நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு ஊர் போட்டால் மீதியை அரசு போடும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நம் ஊர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பொன்னமராவதி: அறுபது வருடம் முன் ஒரு செட்டியார் வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடத்தில் பள்ளி நடக்கிறது. புதுக் கட்டடம் வருமா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். நம் பக்கத்தில் பள்ளிகள் பல இப்படித்தான் பிறந்தன. நல்ல மனதோடு கொடுத்தார்கள், எழுதிக் கொடுக்கவில்லை. இன்று பட்டா தாத்தா பெயரில் இருக்கும். வாரிசுகள் சென்னையில் இருவர், மலேசியாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர் என்று இருப்பார்கள். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, தானமாகக் கொடுக்கும் நிலம் பதிவுப் பத்திரத்தில்தான் கைமாறும். இரண்டு சாட்சி வேண்டும். எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பொது அதிகாரம் எழுதி அனுப்பலாம்.

ஒரு ஊரில் நிதி ஒதுக்கி, மதிப்பீடு போட்டு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்கிவிட்டோம். டெண்டர் நேரத்தில் ஒரு பேரன் வந்து ஆட்சேபனை கொடுத்தார். அந்தப் பணம் பக்கத்து ஒன்றியத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் அடுத்த மழையையும் திண்ணையில்தான் கழித்தார்கள். அதனால் சொல்கிறேன், எஸ்டிமேட் கேட்கும் முன் பத்திரத்தைக் கையில் எடுங்கள். குடும்பத்தார் நகரத்தார் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார்கள் அல்லவா, அப்போதே பேசி முடியுங்கள்.

கோட்டையூர்: உதவி பெறும் பள்ளிக்கும் கட்டித் தருவார்களா?

இல்லை. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு.

கானாடுகாத்தான்: 45 பிள்ளைகள், ஐந்து வகுப்பு. ஐந்து அறை கேட்கலாமா?

கல்வி உரிமைச் சட்டம் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். இரண்டு அறையும் அலுவலகத்துக்கு ஒன்றும் கேளுங்கள்.

திருமயம்: ஊரணிக் கரையில் புறம்போக்கு இருக்கிறது…

வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டினால் நீதிமன்றம் வரை போகும்.

பள்ளத்தூர்: செம்புராங்கல் சுவர், ஓட்டுக் கூரை. இடிக்கச் சொல்கிறார்கள். இடிக்க விடாதீர்கள் ஐயா!
அதே ஊர், இன்னொருவர்: சுவர் விழுந்தால் இவர் பொறுப்பேற்பாரா? காங்கிரீட்தான் வேண்டும்.

இரண்டு பேருக்கும் பிள்ளைகள் மேல்தான் அக்கறை. 2004இல் கும்பகோணத் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் போனார்கள். பயப்படுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பழசு என்பதற்காக மட்டும் இடிக்கக் கூடாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர் நூறு வருடம் நிற்கும், உள்ளே வெயிலும் தெரியாது. கெடுவது பெரும்பாலும் கூரை. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனையைத் தட்டிப் பார்க்க வேண்டும்; கரையான் அங்கேதான் இருக்கும். தூக்குக் குண்டு பிடித்துச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனை மட்டும் கெட்டிருந்தால் மரத்தையும் ஓடுகளையும் மாற்றலாம். சுவர் சாய்ந்திருந்தால், அஸ்திவாரம் இறங்கியிருந்தால், நானே இடிக்கத்தான் எழுதுவேன்.

இரண்டாமவர் மறுபடி: சுண்ணாம்பு பொரிந்து விழுகிறதே?

அதன் மேல் சிமெண்ட் பூசினீர்களா? ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளிருந்து பெயர்ந்து வரும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள். பொறியாளர் பார்த்து அறிக்கை தரும்வரை அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். இதில் உங்கள் பக்கம்தான் நான். இடிப்பது என்று முடிவானால், வகுப்பு நடத்த மாற்று இடம் கிடைத்த பிறகே கடப்பாரை.

காரைக்குடி, நாச்சியாபுரம், இன்னும் நால்வர்: பணம் எப்போது வரும்?

பத்திரம் இருக்கிறதா என்று யாருமே எழுதவில்லையே. பொன்னமராவதிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள், அப்புறம் பேசுவோம்.

அரிமளம்: எங்களுக்கு வேலை நடக்கிறது. ஊர்க்காரர்கள் என்ன பார்க்க வேண்டும்?

சந்தோஷம் தம்பி. கூரைக் காங்கிரீட் போட்ட மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். குறைந்தது 10 நாள், முடிந்தால் 14. இந்த வெயிலில் ஒரு பகல் காய்ந்தாலும் வெடிப்பு வரலாம். காண்ட்ராக்டர் ஆள் வராத நாளில் தெருவுக்கு ஒரு வீடு முறை வைத்து ஊற்றுங்கள்.