பதினாறு நாவலும் ஒரு கைதட்டலும்

கேள்வி: நான் பாலக்கோடு பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. போன வருஷம் 16 நாவல் படித்தேன். எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்தில் ஜனவரிக் கூட்டத்துக்கு, பிடித்த நாவல்களைப் பற்றி 20 நிமிடம் பேசச் சொன்னார்கள். பதினாறையும் சொன்னேன். கை தட்டினார்கள். மூன்று மாதம் ஆகியும் ஒருவர்கூட ஒன்றையும் எடுத்துப் படிக்கவில்லை. மறுபடியும் என்னையே பேசக் கூப்பிடுகிறார்கள். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுபவர், வீட்டில் தெலுங்கு பேசும் ஓய்வுபெற்ற தபால்காரர், ஓசூர் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய்வரும் பையன், இரண்டு கல்லூரிப் பெண்கள் என்று 12 பேர் வருவார்கள். என் பட்டியலை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: 20 நிமிடத்தில் 16 நாவல் என்றால் ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடம். தலைப்பு, எழுதியவர் பெயர், "அவசியம் படிக்கணும்" என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் நேரம் ஏது? கேட்டவர்கள் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பதினாறும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். இந்த முறை மூன்று போதும். அந்த மூன்றையும் எதிரில் உட்காரப்போகிறவர்களை மனதில் வைத்துப் பொறுக்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பேசப்போகும் நாவல் உங்கள் கிளை நூலக அலமாரியில் இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே போய்ப் பாருங்கள். ஆசையாக வந்து கேட்டவர் "இல்லீங்க" என்ற பதிலோடு திரும்பினால் அடுத்த தடவை கேட்க மாட்டார். ஜனவரியில் நடந்ததும் பாதி இதுவாக இருக்கலாம். கூட்டத்தன்று பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். பேசி முடித்ததும் அங்கேயே ஒருவர் பெயரில் பதிந்து கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலில் முதலில் எடுக்க வேண்டியது சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. 1969-இல் வந்தது. வெளிதேசத்தில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவன் காவிரிக்கரைக் கிராமத்தில் கரும்பாலை கட்டுவதற்காக ஒரு வனத்தை வாங்கி அழிக்கிறான். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிற பாலக்கோட்டில் இதைச் சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பக்கம் பக்கமாகக் கொடி அறுப்பதும் மரம் சாய்ப்பதும் வழி வெட்டுவதும்தான் வரும். திருப்பம் தேடுகிறவர் அங்கே மூடி வைத்துவிடுவார். "இதில் கதாநாயகன் காடு, அது எப்படிப் படிப்படியாகச் சாகிறது என்று பாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தாண்டிப் போவார்கள். மண்டிக் கணக்கருக்கு இது சரியாக வரும்; வேலையை வேலையாக எழுதியிருப்பதை ரசிக்கத் தெரிந்தவராக இருப்பார். முடிவு புளியில் போய் நிற்கிறது என்பது வரை சொல்லலாம். புளி தட்டி, கொட்டை எடுத்துப் பிழைக்கிற மாவட்டத்தில் அந்த ஒரு சொல்லே போதும். மேலே ஒரு வரி சொன்னாலும் கெட்டது.

தபால்காரருக்கு கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). தெலுங்கு தேசத்திலிருந்து கிளம்பித் தெற்கே வந்து காடு திருத்திக் குடியேறிய குடும்பங்களின் கதை. அவர் வீட்டுப் பாட்டி சொன்னதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆரம்பத்தில் ஆட்களின் பெயரும் பட்டப்பெயரும் கூட்டமாக வரும். எல்லாவற்றையும் நினைவில் வைக்க முயன்றால் தலை சுற்றும். விட்டுவிட்டுப் போனால் நஷ்டமில்லை என்று சொல்லுங்கள்.

ஓசூர்ப் பையனுக்குப் பூமணியின் 'வெக்கை' (1982). கொலையில் தொடங்குகிறது, பஸ்ஸில் தூக்கம் வராது. இதை வைத்து எடுத்த 'அசுரன்' படத்தைப் பார்த்திருந்தால் "கதை தெரியுமே" என்பான். பதினைந்து வயசுப் பையனும் அப்பனும் காட்டில் ஒளிந்து திரியும்போது என்ன தின்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்று கேளுங்கள். அது படித்தவனுக்குத்தான் தெரியும். ஒரு சின்னச் சிக்கல்: இந்தப் பையன் பெயரும் சிதம்பரம், 'சாயாவன'க்காரன் பெயரும் சிதம்பரம். ஒரே கூட்டத்தில் இரண்டையும் பேசும்போது பெயரை விட்டு, 'பையன்', 'ஆலைக்காரன்' என்றே சொல்லுங்கள்.

ஒரு நாவலுக்கு ஆறு நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஆள், ஊர், சிக்கல் மூன்றுக்கும் ஒரு நிமிடம். பிறகு ஒரு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள், நிதானமாகப் படித்தால் இரண்டு நிமிடம் பிடிக்கும். வீட்டில் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். பின்னிரண்டு நாவலிலும் வரும் கரிசல் பேச்சு, அதாவது கோவில்பட்டிப் பக்கத்துத் தமிழ், நம் பக்கத்து நாக்குக்குத் திக்கும், வாசிப்பவர் திக்கினால் கேட்பவர் நாவலைத்தான் குறை சொல்வார். 'கோபல்ல கிராம'த்தில் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் கர்ப்பிணியைக் கள்ளன் கொல்லும் இடத்தை வாசியுங்கள், முன்கதையே வேண்டாம். மிச்ச நேரம் எங்கே தடுக்கும் என்று சொல்வதற்கு. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. முப்பதாம் பக்கத்தில் சிக்கியவர் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார், அடுத்த கூட்டத்துக்கு வரவும் மாட்டார். ஆசிரியர் வாழ்க்கை வரலாறும் விருதுப் பட்டியலும் அறவே வேண்டாம்.

இமையத்தின் 'செல்லாத பண'த்தை மேடையில் எடுக்காதீர்கள். வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட பெண் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற கதை. பெரும்பாலும் பேச்சாகவே ஓடுவதால் வேகமாகப் படித்துவிடலாம். ஆனால் நம் ஊர்க் கூட்டத்தில் இதைப் பேசினால் யார் வீட்டைச் சொல்கிறார்கள் என்று நாலு தலை திரும்பும். கேட்பவருக்குத் தனியாகக் கொடுங்கள், அவர் வீட்டில் அப்படி ஒரு சாவு இல்லை என்று தெரிந்துகொண்டு. கல்லூரிப் பெண்களுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு'. மெல்லிய புத்தகம், குமரி மாவட்டப் பேச்சு பத்துப் பக்கத்தில் பழகிவிடும்.

மே, ஜூனில் மாம்பழ வேலை வந்தால் தினம் பத்துப் பக்கமே பெரிது. முந்நூறு பக்க நாவல் ஒரு மாதம் இழுக்கும். நடுவில் விட்டால் மறுபடி பிடிக்க முடியாது. அந்த மாதங்களுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' மாதிரிச் சின்னதாக ஒன்றை ஒதுக்கி வையுங்கள்.

ஒவ்வொரு பிரதியிலும் ஒரு துண்டுச் சீட்டு செருகுங்கள். எடுத்த தேதி, நிறுத்திய பக்கம், அவ்வளவுதான் எழுத வேண்டியது. படிக்காமல் திருப்பித் தருபவரிடம் ஏன் என்று கேட்காமல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அடுத்த முறை பேச்சில் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' உங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. பின்பாதி முழுக்க நாட்குறிப்பு. ஜே.ஜே. என்கிற ஜோசஃப் ஜேம்ஸ் கற்பனை எழுத்தாளர்; நிஜ ஆள் என்று நினைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. அதைத் தீபாவளி கழித்து எடுத்துக்கொள்ளலாம்.