சென்னையில் சொந்த நிலத்தில் ஆபீஸ் கட்டடம் கட்டி வாடகைக்கு விடலாமா?

கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் உங்களுக்கு நாலைந்து கிரவுண்டு குடும்பச் சொத்து இருக்கிறது, கடனும் கிடைத்துவிடும் என்று வைத்துக்கொள்கிறேன். தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் பிளான் அனுமதிக்காகச் சிஎம்டிஏவுக்கு (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) போகும் முன் ஆர்க்கிடெக்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: கட்டடம் முழுக்க மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் மெயின் பேனலும் ஜெனரேட்டரும் எங்கே வரப்போகின்றன?

16 வருடமாக ஆபீஸ் கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறேன். 2015-ல் ஈக்காட்டுத்தாங்கலில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. ஜெனரேட்டர், பேனல், மோட்டார், தீயணைப்பு பம்ப் எல்லாமே பேஸ்மென்ட்டில்தான். மேலே வைத்தால் வாடகைக்கு விடும் இடம் குறையும் என்று கட்டும்போதே முடிவு செய்திருந்தார்கள்.

டிசம்பர் 1 இரவு, மழைத் தண்ணீரும் செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரையை மீறியது. விடிவதற்கு முன் செக்யூரிட்டி அண்ணன் போன் செய்தார். "சார், ராம்ப் வழியா தண்ணி கொட்டுது. லிஃப்ட் ரெண்டையும் மூணாவது மாடிக்கு ஏத்தி ஆஃப் பண்ணிட்டேன்." அதோடு லைன் கட்டாகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தது 3-ம் தேதி. பேஸ்மென்ட் படிக்கட்டில் மேலே மூன்று படிதான் தெரிந்தது. அதற்குக் கீழே டீசல் மிதக்கும் கறுப்புத் தண்ணீர். இறைக்க மோட்டார் வேண்டும். மோட்டாரும் தண்ணீருக்குள், அதை ஓட்டும் ஜெனரேட்டரும் தண்ணீருக்குள். வாடகைக்கு டீசல் பம்ப் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். இறைத்து முடிக்க நான்கு நாள், மின்சாரம் முழுதாக வர ஏழு வாரம். அதுவரை ஒருவரும் வாடகை தரவில்லை. உரிமையாளரின் வங்கித் தவணை மட்டும் மாதாமாதம் போனது. லாக்-இன், அதாவது ஒப்பந்தப்படி காலி செய்யக் கூடாத காலம், முடிந்ததும் இரண்டு கம்பெனிகள் காலி செய்துவிட்டன.

பேஸ்மென்ட்டே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்ஜினியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கார் நிறுத்த இடம் வேண்டும், எனக்கும் தெரியும். கார் இருக்கட்டும், கரண்ட் மேலே போகட்டும் என்கிறேன். இப்போது நான் பார்க்கும் கட்டடத்தில் பேனல் முதல் மாடியில், ஜெனரேட்டர் ஐந்தடி மேடையில். 2023 மிக்ஜாம் புயலில் பேஸ்மென்ட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஈபி வருவதற்கு முன்பே ஜெனரேட்டரைப் போட்டு இறைத்துவிட்டோம்.

மற்றபடி, பணி நிறைவுச் சான்று கைக்கு வரும் முன் யாருக்கும் சாவி கொடுக்கும் தேதி சொல்லாதீர்கள். வாடகைக்கு 18% ஜிஎஸ்டி தனி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பராமரிப்புக் கட்டணத்தை வாடகையோடு சேர்க்காதீர்கள். ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் விலை ஏறினால் உங்கள் கையைக் கடிக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கேபின் இரண்டும் தப்பியது அந்தச் செக்யூரிட்டி அண்ணனால்தான். அடுத்த வருடம் வாசலில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன். பார்க்க நன்றாக இல்லை என்று வாடகைக்கு இருந்த கம்பெனி மெயில் அனுப்பியது, உரிமையாளர் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். இன்னும் மனது ஆறவில்லை. ஐம்பத்தெட்டு வயது, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வேலையில் உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. இன்றும் பல ஆபீஸ் வாசல்களில் அவர்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் பிளானில் வாசல் பக்கம் செக்யூரிட்டிக்கு ஓர் அறை, ஃபேன், நாற்காலி, கழிப்பறை போடச் சொல்லுங்கள். அந்தக் கழிப்பறையும் பேஸ்மென்ட்டில் வேண்டாம்.